செயற்கைத் தோளும் கோணமானியும்

காங்கேயம் வட்டாரத்தில் நெல் அரைவை ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் மிகுதி. அங்கே ஒரு புதிய மோட்டாரை எந்திரத்துடன் இணைக்கும்போது மெக்கானிக் முதலில் ஒரு காரியம் செய்வார். மோட்டாரின் சுழல்தண்டும் எந்திரத்தின் சுழல்தண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று, கப்ளிங்கின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், மோட்டாரின் காலடியில் மெல்லிய தகட்டை வைத்து உயர்த்துவார். இப்படி நேர் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? எந்திரம் அன்றைக்கு ஓடத்தான் செய்யும். ஆனால் தண்டு அதிரும்; பேரிங் சூடாகும்; சில மாதங்களில் தேய்ந்துபோகும்.

மனித உடலில் பொருத்தப்படும் செயற்கை மூட்டுக்கும் இதே விதிதான். அதிலும் தோள் மூட்டில் நேர் பார்ப்பது மிகக் கடினம். ஆலையில் மோட்டாரைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் பார்க்கலாம். அறுவை மருத்துவருக்குத் தெரிவதோ தோளின் முன்புறத்தில் ஒரு கீறலின் வழியே காணும் சிறு பகுதி மட்டுமே. அந்தச் சிறு சாளரத்தின் வழியாக, சில பாகைகள்கூடப் பிசகாமல் அவர் எப்படி மூட்டைப் பொருத்துகிறார்? இதை அறிந்துகொள்ள, முதலில் தோள் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம்.

பெரிய பந்து, சிறிய கிண்ணம்

தோள் மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உச்சி பந்துபோல் உருண்டிருக்கிறது. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் அதற்கான கிண்ணம் இருக்கிறது. இடுப்பு மூட்டும் இவ்வகையே. ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழமானது. பந்து அதற்குள் நன்கு புதைந்திருக்கும். தோளில் கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது. வளர்ந்தவர் ஒருவரின் பந்து ஏறத்தாழ 46 மி.மீ. விட்டமுடையது. கிண்ணத்தின் அகலமோ சுமார் 26 மி.மீ. மட்டுமே. பந்தின் மூட்டுப் பரப்பு கிண்ணத்தின் பரப்பைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் குடத்தைச் சுமந்து செல்வோரைப் பார்த்திருப்பீர்கள். குடம் பெரிது, சும்மாடு சிறிது. குடம் விழாமல் இருப்பதற்குக் காரணம் சுமப்பவர் இடைவிடாமல் சமநிலை பார்ப்பதுதான். தோளிலும் அப்படியே. நான்கு சிறு தசைகள் பந்தைச் சுற்றிப் பிடித்து, அதைக் கிண்ணத்தின் நடுவில் அழுத்தி வைத்திருக்கின்றன. இவற்றைச் சுழற்றுத் தசைகள் என்று சொல்லலாம். கிண்ணம் ஆழமில்லாததால் நாம் கையை எல்லாத் திசைகளிலும் வீச முடிகிறது. உடலிலேயே மிகுதியாக அசையும் மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்கான விலை, அதன் நிலையாமை.

தோள்பட்டை எலும்பும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது விலா எலும்புகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. உடற்கூட்டுடன் அதை எலும்பு வழியாக இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். உங்கள் நண்பரின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துக்கொண்டு, அவரைக் கையை மெல்ல மேலே தூக்கச் சொல்லுங்கள். அந்த முனை வெளிப்பக்கமாக நகர்வதை உணர்வீர்கள். கையை 180 பாகை தூக்கும்போது ஏறத்தாழ 120 பாகை பந்துக் கிண்ண மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பின் நகர்விலும் கிடைக்கின்றன. இந்த நகர்வு பின்னால் நமக்குத் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் நகரத்து ரொட்டிக்காரர்

மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். வாதநோயாலும் முதுமையாலும் இது நேரலாம். மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து பந்து நொறுங்குவதும் உண்டு. அப்போது தலை சீவவோ சட்டை மாட்டவோ முடியாது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. மருந்தும் உடற்பயிற்சியும் பயன் தராத நிலையில்தான் மூட்டை மாற்றுவதைப் பற்றி மருத்துவர்கள் எண்ணுவார்கள்.

இந்த முயற்சி முதலில் நடந்தது 1893ஆம் ஆண்டில். பாரிஸ் நகரில் காசநோயால் தோள் மூட்டு அழிந்த 37 வயது ரொட்டிக்காரர் ஒருவருக்கு, ஜூல் எமில் பெயான் என்ற அறுவை மருத்துவர் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தினார். அதைச் செய்து கொடுத்தவர் மைக்கேல்ஸ் என்ற பல் மருத்துவர். நோய்க்கிருமித் தொற்று அடங்காததால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதை அகற்ற வேண்டியதாயிற்று. பின்னர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர், நொறுங்கிய தோளில் உலோகப் பந்து பொருத்திய முடிவுகளை 1955இல் வெளியிட்டார். 1970களில் அதற்கு இணையாக நெகிழிக் கிண்ணமும் வந்தது.

இன்றைய செயற்கைத் தோளில் பந்து பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவையால் ஆனது. எலும்பினுள் செல்லும் தண்டு டைட்டேனியத்தால் ஆனது. கிண்ணம் பாலிஎதிலீன் என்னும் உறுதியான நெகிழி. அதன் பின்புறம் உள்ள சிறு முளைகளை எலும்பில் துளையிட்டுச் செருகி, எலும்பு சிமெண்டால் பதிக்கிறார்கள். இந்த அறுவை சிகிச்சை இன்று கோயம்புத்தூரிலேயே செய்யப்படுகிறது. பொருள்கள் நல்லவை; கைகளும் தேர்ந்தவை. எஞ்சி நிற்கும் பெரிய கேள்வி கோணம்தான்.

பத்துப் பாகை என்பது எவ்வளவு?

தோள் எடை தாங்கும் மூட்டு இல்லை என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கை சுமார் 3 கிலோ இருக்கும். கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால் அதன் எடை மையம் மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தொலைவில் இருக்கும். ஆனால் அதைத் தூக்கும் தசை மூட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி 3 × 30 = தசை விசை × 3. எனவே வெறுங்கையைத் தூக்கவே தசை 30 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும்! இது எளிய கணக்கு. பல தசைகள் சேர்ந்து இழுப்பதையும் கணக்கில் எடுத்து 1978இல் பாப்பன், வாக்கர் என்ற ஆய்வாளர்கள் கண்ட விடை இன்னும் வியப்பானது: கையை 90 பாகை தூக்கும்போது மூட்டை அழுத்தும் விசை உடல் எடையை நெருங்குகிறது.

இந்த விசை கிண்ணத்தின் நடுவில் விழுந்தால் நல்லது. கிண்ணம் 10 பாகை சாய்ந்து அமைந்தால்? பந்தின் ஆரம் 23 மி.மீ. என்க. 10 பாகைக்குரிய வில்லின் நீளம்:

2 × 3.14 × 23 × 10/360 = சுமார் 4 மி.மீ.

கிண்ணத்தின் அகலம் 26 மி.மீ. என்றால், மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள தொலைவு 13 மி.மீ. அதாவது அழுத்தம் விழும் இடம், விளிம்பை நோக்கி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடுகிறது. 20 பாகை சாய்ந்தால் 8 மி.மீ. நகரும், அப்போது விளிம்பு வெகு தூரத்தில் இல்லை.

முளைக்குச்சி ஆடும் கதை

விளிம்பில் அழுத்தம் விழுந்தால் என்ன கெடுதல்? கட்டுத்தறியில் அடித்த முளைக்குச்சியை நினைத்துப் பாருங்கள். அதைத் தலையில் தட்டினால் இன்னும் ஆழமாக இறங்கி இறுகும். ஆனால் காங்கேயம் காளை ஒன்று கயிற்றை ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் இழுத்தால், குச்சி நாளுக்கு நாள் ஆட்டம் கண்டு ஒருநாள் கையோடு வந்துவிடும்.

செயற்கைக் கிண்ணமும் அப்படியே. பந்து ஒரு விளிம்பை அழுத்தும்போது எதிர் விளிம்பு எலும்பை விட்டு மிக நுண்ணிய அளவில் எழும்புகிறது. கையைத் திருப்பும்போது அழுத்தம் மறுபக்கம் மாறுகிறது. ஆண்டுக்கு எத்தனை முறை கையைத் தூக்குகிறோம், திருப்புகிறோம்! இந்த ஆட்டத்தால் சிமெண்டுக்கும் எலும்புக்கும் இடையே பிளவு தோன்றுகிறது. மரக்குதிரை ஆடுவதைப் போன்றது என்பதால் அறுவை மருத்துவர்கள் இதற்கு மரக்குதிரை ஆட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கை அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்படும் தோள் மாற்றில், ஆண்டுகள் கழிந்தபின் நேரும் கோளாறுகளில் முதன்மையானது கிண்ணம் தளர்வதுதான். மீண்டும் ஓர் அறுவை என்றால், அப்போது பதிக்க எலும்பும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் முறையே சரியாக வைப்பதில் அவ்வளவு கவனம்.

முன்கையே கோணமானி

பொருத்த வேண்டியவை இரண்டு: பந்தும் கிண்ணமும். முதலில் பந்தைப் பார்ப்போம்.

மேற்கை எலும்பின் பந்து, எலும்பின் தண்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதில்லை. தண்டுடன் சுமார் 135 பாகைக் கோணம் அமைத்து உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதோடு சற்றுப் பின்பக்கமாகவும் திரும்பியிருக்கிறது. இதைப் பின்சாய்வு என்போம். இது பலருக்கு 20 முதல் 30 பாகை வரை இருக்கும். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். தேய்ந்த பந்தை வெட்டி எடுக்கும்போது இதே சாய்வு கிடைக்குமாறு வெட்ட வேண்டும்.

எதை வைத்து அளப்பது? மருத்துவர் பயன்படுத்தும் அளவுகோல் நோயாளியின் முன்கையே! நீங்களும் செய்து பாருங்கள். மேற்கையை உடலோடு ஒட்டி வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். முன்கை நேராக முன்னே நீட்டியிருக்கட்டும். இப்போது மேற்கையை உருட்டினால், முன்கை கடிகார முள்போல் வெளியே நகரும். மேற்கை எலும்பு எத்தனை பாகை திரும்பியது என்பதை முன்கை காட்டிவிடுகிறது. மருத்துவர் முன்கையை 30 பாகை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, உடலின் முன்பின் திசைக்கு இணையாக அறுக்கிறார். அப்போது வெட்டுமுகம் நேராக உடலை நோக்கியிருக்கும். முன்கையைப் பழையபடி முன்னே கொண்டுவந்தால், வெட்டுமுகம் 30 பாகை பின்சாய்வுடன் அமைந்திருக்கும். கருவியோடு ஒரு கம்பியை இணைத்து, அது முன்கைக்கு இணையாக நிற்கிறதா என்றும் சரிபார்ப்பார்கள்.

பந்தின் உயரமும் முக்கியம். பந்தின் உச்சி, அதன் பக்கத்தில் தசை ஒட்டியுள்ள எலும்பு மேட்டைவிட 5 முதல் 8 மி.மீ. வரை உயர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் மேலே உள்ள சுழற்றுத் தசை விண்ணென்று இழுபட்டுக் கிழியும். பந்தின் மையமும் தண்டின் மையமும் ஒன்றாக இருப்பதில்லை, சில மி.மீ. விலகியிருக்கும். ஆகவே மையம் விலகிய பந்துகளையும் செய்கிறார்கள். அவற்றைத் தண்டின் மேல் திருப்பித் திருப்பிச் சரியான இடத்தில் பொருத்தலாம்.

தூக்குக்குண்டு இல்லாத கட்டடம்

கிண்ணத்தின் கதை இன்னும் சிக்கலானது. சுவர் கட்டும் கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு இருக்கிறது. புவியீர்ப்பு அவருக்கு மாறாத செங்குத்துக் கோட்டைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் மிதந்து நகரக்கூடியது என்று பார்த்தோம். நோயாளியைச் சாய்வு நாற்காலியில் அமர்த்துவதுபோல் வைத்து அறுவை செய்கிறார்கள். கையை இழுத்தால் தோள்பட்டையும் உடன் திரும்பும். ஆகவே மேசையையோ தரையையோ வைத்து அளப்பதில் பொருளில்லை. அந்த எலும்புக்குள்ளேயே அடையாளம் தேட வேண்டும்.

அதற்கு உதவுவது சி.டி. ஸ்கேன். குறுக்குவெட்டுப் படத்தில் கிண்ணத்தின் மையத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்முனைக்கு ஒரு கோடு வரைகிறார்கள். கிண்ணத்தின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் சாய்வு சுழி. இயல்பான தோளில் ஓரிரு பாகை பின்சாய்வுதான் இருக்கும். தேய்மான நோயிலோ பெரும்பாலும் பின்விளிம்பே தேய்கிறது. அதனால் பின்சாய்வு 15, 20 பாகை என்று ஏறிவிடுகிறது. முன்புறத்திலிருந்து பார்க்கும் மருத்துவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பினால், அந்தச் சாய்விலேயே புதிய கிண்ணத்தையும் வைத்துவிடுவார்.

சாய்வைத் திருத்துவது எப்படி? கிண்ணத்தின் மையத்தில், திட்டமிட்ட திசையில், மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்றை முதலில் செலுத்துகிறார்கள். அதன்மேல் நடுவில் துளையுள்ள துருவும் கருவியைக் கோத்துச் சுழற்றுகிறார்கள். தேங்காய்த் துருவி மூடியின் உட்புறத்தைச் சீவுவதைப் போல, அது எலும்பைச் சீவிப் புதிய கிண்ணத்துக்கு இடம் அமைக்கிறது. கம்பியின் திசை தவறினால் அதற்குப் பின் செய்யும் எல்லாமே தவறிவிடும்.

தேயாமல் உயர்ந்து நிற்கும் முன்பகுதியைச் சீவிச் சமப்படுத்தினால் சாய்வு குறையும். ஆனால் இதற்கு எல்லை உண்டு. 26 மி.மீ. அகலத்தில் 10 பாகையைத் திருத்த முன்விளிம்பில் 26 × டேன் 10°, அதாவது சுமார் 4.6 மி.மீ. எலும்பைச் சீவ வேண்டும். 20 பாகைக்கு 9.5 மி.மீ.! அங்கே எலும்பின் ஆழமே மையத்தில் இரண்டரை செ.மீ. அளவுதான். இவ்வளவு சீவினால் முளை பதிக்க எலும்பு போதாது. ஆகவே சாய்வு சுமார் 15 பாகையைத் தாண்டினால் வேறு வழி தேடுகிறார்கள். வெட்டி எடுத்த பந்தின் எலும்பையே ஆப்புபோல் செதுக்கித் தேய்ந்த பக்கத்தில் வைக்கலாம். அல்லது ஒரு பக்கம் தடித்த ஆப்பு வடிவக் கிண்ணத்தைப் பொருத்தலாம். மோட்டாரின் காலடியில் மெக்கானிக் தகடு வைப்பதும் இதுவும் ஒரே உத்தியே.

கம்பியின் திசையைத் தவறாமல் பிடிக்கப் புதிய வழிகளும் வந்துள்ளன. சி.டி. படத்திலிருந்து நோயாளியின் கிண்ணத்தைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கி, அதன்மேல் ஒரே ஒரு நிலையில் மட்டும் பொருந்தக்கூடிய நெகிழி அச்சு ஒன்றை அச்சிடுகிறார்கள். பூட்டுக்குச் சாவிபோல அது உட்கார்ந்ததும், அதிலுள்ள துளையின் வழியே கம்பியைச் செலுத்தலாம். மற்றொரு முறையில், காக்கை அலகு போன்ற தோள்பட்டை எலும்பு முனைப்பில் சிறு அடையாளக் கருவியைப் பொருத்துகிறார்கள். அகச்சிவப்புக் கேமரா அதைக் கண்காணிக்கிறது. எலும்பு நகர்ந்தாலும் அடையாளமும் உடன் நகர்வதால், கணினித் திரையில் கோணம் உடனுக்குடன் தெரிகிறது. இவற்றுக்குச் செலவு கூடுதல். தேய்வு குறைந்த எளிய தோள்களுக்குப் பழைய கருவிகளே போதும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

தலைகீழாக்கப்பட்ட தோள்

சுழற்றுத் தசைகள் சீர்செய்ய முடியாதபடி கிழிந்துபோனவர்களுக்கு, இயற்கையைப் போலச் செய்த மூட்டு உதவாது. பிடித்து வைக்கத் தசை இல்லாததால் பந்து மேலே நழுவிவிடும். பிரான்சில் திழோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன் 1985இல் இதற்கு ஒரு துணிச்சலான விடை கண்டார். பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் வைத்து இடம் மாற்றிவிட்டார்! இதனால் சுழற்சி மையம் உட்பக்கமாகவும் கீழாகவும் நகர்ந்தது. தோளைப் போர்வைபோல் மூடியுள்ள டெல்டாய்டு தசைக்கு நெம்புகோல் நீளம் கூடியது. அந்த ஒரே தசையால் கையைத் தூக்க முடிந்தது.

இங்கும் கோணமே உயிர். பந்தைத் தாங்கும் உலோகத் தட்டைக் கிண்ணத்தின் கீழ்விளிம்பை ஒட்டி, மேல்நோக்கிச் சாயாமல் திருகாணிகளால் பொருத்த வேண்டும். உயரத்தில் வைத்தாலோ மேல்நோக்கிச் சாய்த்தாலோ, கையைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் கைக்கிண்ணம் தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் இடித்துப் பள்ளம் பறிக்கும். திருகாணிகளையும் பெயர்க்கப் பார்க்கும்.

அடையாளங்களே அழிந்துவிட்டால்?

பந்து சுக்குநூறாக உடைந்தவர்களிடம் உயரம் பார்க்க அடையாளமே எஞ்சாது. அப்போது மார்புத் தசை மேற்கை எலும்பில் ஒட்டும் இடத்தின் மேல்விளிம்பைத் தேடுகிறார்கள். அங்கிருந்து பந்தின் உச்சி சராசரியாக 5.6 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. உடைப்பு மேலே நிகழ்ந்தாலும் இந்தத் தசைநாண் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

எலும்புக் கட்டி நோயில் நிலைமை இன்னும் கடினம். மேற்கை எலும்பின் மேற்பகுதி முழுவதையுமே வெட்டி எடுக்க நேரிடும். முற்காலத்தில் பலருக்குக் கையையே எடுத்துவிடுவார்கள். சென்னையில் எலும்புக் கட்டி அறுவையில் பெயர்பெற்ற டாக்டர் மயில்வாகனன் நடராஜன், நோயாளிக்கு நோயாளி அளவெடுத்துச் செய்த பெரிய செயற்கை எலும்புகளைப் பொருத்திக் கைகால்களைக் காப்பாற்றும் முறையில் முன்னோடி. 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். மேற்கை எலும்பின் மேற்பகுதிக் கட்டிகளுக்கு இம்முறையில் செய்த சிகிச்சையைப் பற்றி அவருடைய குழு 2006இல் பன்னாட்டு இதழில் கட்டுரை வெளியிட்டது. இத்தகைய அறுவையில், வெட்டி எடுத்த துண்டை அளந்து நீளத்தைச் சரிபார்ப்பார்கள். வெட்டுவதற்கு முன்பே எஞ்சும் எலும்பில் ஒரு கோடு இட்டுத் திரும்பும் கோணத்தைக் குறித்துக்கொள்வார்கள். தசைகள் பலவும் போய்விடுவதால் கையை உயரத் தூக்க இயலாமல் போகலாம். ஆனால் முழங்கையும் விரல்களும் வேலை செய்யும். எழுதலாம், உண்ணலாம்.

கடைசிச் சோதனை

எவ்வளவு கணக்கிட்டாலும், இறுதி உறுப்புகளைப் பதிக்கும் முன் மருத்துவர் மாதிரி உறுப்புகளை வைத்துப் பார்க்கிறார். இதற்கு 40, 50, 60 என்று ஒரு வாய்பாடே உண்டு. முன்தசையை இழுத்துத் தைத்தாலும் கை 40 பாகை வெளியே திரும்ப வேண்டும். பந்தைப் பின்னால் தள்ளினால் கிண்ணத்தின் அகலத்தில் 50 விழுக்காடு வரை நகர்ந்து, விட்டதும் திரும்பி வர வேண்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்திய நிலையில் 60 பாகை உள்ளே திரும்ப வேண்டும். மிக இறுக்கமாக இருந்தால் சிறிய பந்து. தளர்வாக இருந்தால் பெரிய பந்து. எண்கள் சொன்னதை மூட்டே ஒப்புக்கொள்கிறதா என்று கேட்கும் சோதனை இது.

பிறகு நோயாளியின் முறை. தைத்த தசை ஒட்டும் வரை சில வாரங்கள் கையைத் தூளியில் தொங்கவிட்டு, மருத்துவர் காட்டிய பயிற்சிகளை மட்டும் செய்ய வேண்டும். அவசரப்பட்டுப் பளு தூக்கினால், பாகை கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை வீணாகும். நன்கு பொருத்திய தோள்களில் பத்தில் ஒன்பது, பத்து ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

வடிவியல் பாடத்தில் கோணமானியை வைத்து 10 பாகைக் கோணம் ஒன்றை வரைந்து பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் ஒரு செயற்கைத் தோளின் ஆயுள் அடங்கியிருக்கிறது.